மறுமொழி: புரவி எடுப்பு வசூல், சிமெண்டுக் குதிரைக்கு என் பங்கு கிடையாது

அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம். ஐயனார் கோயிலுக்கு மண்குதிரை சுமந்து போகும் புரவி எடுப்புக்கு, இந்தத் தடவை சிமெண்டில் குதிரை செய்யலாம் என்று குழுவில் வசூல் கேட்டிருக்கிறீர்கள்.

சிமெண்டில் செய்தால் ரொம்பக் காலம் நிற்கும் என்று துபாய் அண்ணன் எழுதியிருந்தார். ஐயனார் அப்படிக் கேட்டாரா? பழசு உடைந்து சாய்ந்தால் ஊர் மறுபடி பிடிமண் கொடுக்கும், அதாவது புரவி செய்யச் சொல்லி ஒரு பிடி மண்ணைக் கையில் கொடுக்கும்; குயவரான வேளார் புதுப் புரவி செய்வார். அதுதானே நேர்த்திக்கடன்?

ஆடியில் அக்கா ஊருக்குப் போயிருந்தாள். வேளார் அய்யாவின் சூளையில் புல் முளைத்துக் கிடக்கிறதாம். கேட்டதிலிருந்து மனசே சரியில்லை.

சட்டி பானை வனைந்த மனுஷன். எவர்சில்வர் வந்தபிறகு பொங்கலுக்கும் கார்த்திகைக்கும்தான் அவரைத் தேடினோம். அப்புறம்தான் முழுசாகப் புரவிக்கு மாறினார். கண்மாய் மண்ணில் மணலும் உமியும் போட்டு மிதித்து, நாலு காலையும் உருளையாக நிறுத்தி, மண்ணைத் திரித்து அடுக்கி வயிற்றை எழுப்புவார். கீழ் அடுக்கு இறுகாமல் மேலே வைத்தால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். உள்ளே கூடாக இருக்க வேண்டும், மண் தடித்தால் சூளையில் வெடிக்கும். கழுத்து மணி, சலங்கை, பிதுங்கிய கண் எல்லாம் கையால் ஒட்டுவது. அவர் செய்த முகங்களில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருந்ததில்லை. சிமெண்டு அச்சில் அது வருமா?

இதே சுடுமண் வேலைக்குத்தான் புதுச்சேரி வில்லியனூர் முனுசாமிக்கு 2020ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்மிடம் அப்படி ஒருவர் இருக்கும்போது கொத்தனாரைத் தேடுகிறோம்.

சிங்கப்பூர் மாமா, போன தடவை வேளாருக்குக் கொடுத்த முன்பணத்துக்கு ரசீது எங்கே என்கிறீர்கள். அவருக்கு நெல்லும் வேட்டியும் கொடுத்த காலத்தில் யார் ரசீது கேட்டார்கள்? முதலில் கும்பாபிஷேகக் கணக்கைக் குழுவில் போடுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மழையோடு மழையாக அரசாணிப் பானை சுமந்து வந்தது யார் என்று அத்தையைக் கேளுங்கள்.

கண்மாயில் மண் எடுக்க விடமாட்டார்கள் என்பதும் சரியில்லை. 2024லிருந்து மண்பாண்டத் தொழிலுக்குத் தாசில்தாரே அனுமதி தரலாம். விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஆள்தான் வேண்டும். ஊரில் இருக்கும் தம்பிகள் யாராவது இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

என் பங்கை அய்யாவின் மகன் கணக்கில் நேராகப் போடுகிறேன். பிடிமண் கொடுக்கும் நாளைக் காரியக்காரர் சொல்லட்டும்.