பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான்: தமிழ்ப் பயிற்சித்தாள்களைப் படிக்க வைப்பது எப்படி?

வினா (அரசுப் பள்ளி ஆசிரியை):
என் ஒன்பதாம் வகுப்பில் முற்றிலும் பார்வையற்ற மாணவர் ஒருவர் பயில்கிறார். மடிக்கணினியில், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை நன்றாகவே கையாள்கிறார். ஆனால் நான் தரும் தமிழ்ப் பயிற்சித்தாள்களை அது ஆங்கில எழுத்துகளாக உளறுகிறது. சில பிடிஎஃப் கோப்புகளில் வாயே திறப்பதில்லை. இனி இவருக்கு, விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்து தேவையில்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வதும் சரிதானா?

பதில் 1 (சிறப்பாசிரியர்):
பழுது திரைவாசிப்பானில் இல்லை, எழுத்துருவில் இருக்கிறது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால், நம் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே சேமிக்கப்படுகிறது; மென்பொருள் அதைத்தான் படிக்கிறது. தமிழக அரசு 2010-லேயே தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறையைத் தரமாக அறிவித்தும், வினாத்தாள்கள் இன்னும் பழைய எழுத்துருக்களில் வலம்வருவது வருத்தத்துக்குரியது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒன்றின் வழியே கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளில் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுங்கள். பேசாத பிடிஎஃப்கள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படங்களாகவே இருக்கும். அவற்றைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகள் பிரிந்து வரும்; பிழை திருத்தாமல் மாணவரிடம் தராதீர்கள்.

கருவிகள் தேவைப்பட்டால், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை பாடநூல்களையும் உதவிக் கருவிகளையும் இலவசமாக வழங்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வகைசெய்கிறது என்பதைச் சுட்டி, தலைமையாசிரியர் வழியே எழுதிக் கேளுங்கள்.

பதில் 2 (கணித ஆசிரியர்):
சமன்பாட்டைப் படமாக ஒட்டினால் மாணவருக்கு அங்கே வெற்றிடம்தான். வடிவியலுக்கு நான் அட்டையில் சணல் நூலைப் பசையால் ஒட்டி முக்கோணம் செய்து தருகிறேன். எந்தச் செயலியும் இதற்கு ஈடாகவில்லை. கரும்பலகையில் ‘இதை அங்கே கொண்டுபோனால்’ என்று சொல்லாமல், எழுதுவதை முழுமையாக வாய்விட்டுச் சொல்லுங்கள். திரைவாசிப்பானைக் கேட்கும் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளச் செய்தால், மறு காது உங்கள் குரலுக்குக் கிடைக்கும்.

பதில் 3 (பார்வையற்ற தமிழ் விரிவுரையாளர்):
பிரெயிலை விட்டுவிடாதீர்கள் அம்மா. காதால் மட்டுமே படித்து வளர்ந்தவருக்கு ல, ள, ழ எங்கே வரும், ‘ன’வா ‘ண’வா என்பது விரலில் பதிவதில்லை. தேர்வில் மாணவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவதால், இந்தக் குறை பள்ளிக் காலம் முழுவதும் எவர் கண்ணிலும் படாமல் போய், கல்லூரியில் முதல் விண்ணப்பத்தைத் தாமே தட்டச்சு செய்யும் நாளில்தான் வெளிப்படுகிறது. என் மாணவர்களிடம் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே பிரெயில் வாசிப்பு தொடரட்டும். கூடவே வாரம் ஒரு முறை சொல்வதெழுதுதல் வைத்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்டு, பிழையை அவரே திருத்த வேண்டும்.