கலைச்சொல் விவாதம்: வெற்றிட மேசையில் ‘முளைக்குழி’

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி சொல்லும் வழியில் மரத்தை வெட்டும் சி.என்.சி. எந்திரம் ஒன்றை வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறேன். பலகைக்கு அடியிலுள்ள காற்றைப் பம்பால் உறிஞ்சி அதை அசையாமல் பிடிக்கும் அதன் வெற்றிட மேசையில், பலகையைக் கோணாமல் வைப்பதற்காகக் குறுங்கம்பிகளை, அதாவது முளைகளை, செருகும் துளைகளை ஆங்கிலத்தில் ‘டாக் ஹோல்’ என்கிறார்கள். இதற்கு நாய்த்துளை, ஒழுங்கமைவுத் துளை, பிடிமுளைத் துளை ஆகிய மூன்று சொற்கள் நம் விவாதத்தில் இதுவரை வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை.

விலங்கின் பெயர் கருவிக்கு ஆகாது என்பதல்ல என் வாதம். வீணையில் தந்திகளைத் தாங்கும் உறுப்பைக் குதிரை என்றுதான் சொல்கிறோம். அது சுமப்பது பார்த்தவுடனே விளங்குகிறது. கவ்விப் பிடிக்கும் கருவியை நாயென்று அழைப்பது ஆங்கிலத் தச்சரின் பழைய வழக்கம். தமிழில் நாய்த்துளை என்றால் வேலிச் சந்துதான் நினைவுக்கு வரும். ஒழுங்கமைவு என்பதோ விளைவின் பெயர், பொருளைக் காட்டவில்லை.

பிடிமுளை என்பதைத்தான் சற்று விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது. தச்சு மேசையில் இத்துளைகள் ஐரோப்பாவில் பெரும்பாலும் 20 மி.மீ., அமெரிக்காவில் முக்கால் அங்குலம். அங்கே முளைக்கும் இடுக்கிக்கும் நடுவில் மரம் இறுகுவதால் ‘பிடி’ பொருந்தும். வெற்றிட மேசையில் பிடிப்பது காற்றழுத்தம். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் விசையுள்ள அந்த அழுத்தத்தில் பாதியையே நம் பம்பு பயன்படுத்த முடிந்தாலும், 20க்கு 30 செ.மீ. பலகை ஏறக்குறைய 300 கிலோ விசையோடு மேசையில் அழுந்திக் கிடக்கும். ஐந்துக்கு ஐந்து துண்டுக்கு அது பன்னிரண்டரை கிலோதான். பக்கவாட்டில் தாங்குவது அதிலும் ஒரு பகுதியே ஆன உராய்வு என்பதால், வெட்டுளி தள்ளினால் துண்டு நகர்ந்துவிடும். முளை அந்த நகர்வைத் தடுக்கிறது. அதற்கு முன்பே, பலகை எங்கே இருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. நீளப் பக்கத்தில் இரண்டும் குறுக்குப் பக்கத்தில் ஒன்றும் நட்டுப் பலகையை அவற்றோடு அணைத்து வைத்தால், ஒவ்வொரு முறையும் அது அதே இடத்தில் உட்காரும். ‘சுவரோடு அணைத்து வை’ என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த அணைத்தல்தான் இது. ஆகவே கம்பிக்கு ‘அணைமுளை’ என்பதே என் பரிந்துரை.

அது நிற்கும் இடத்தைத் துளை என்பதா, குழி என்பதா? என் மேசையில் 8 மி.மீ. முளைக்காக முதலில் ஊடுருவத் துளைத்தேன். அத்துளை, பம்பு காற்றை இழுப்பதற்காக அடியில் வெட்டியிருந்த நீள்பள்ளமான காற்றுக் காடியைத் தொட்டுவிட, பம்பு வாய்விட்டு அலறியது. அழுத்தமானியின் முள் பூச்சியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காடிகளை வாய்க்கால் என்று கொண்டால், முளையை வரப்பில்தான் நட வேண்டும். அதிலும் அடிப்பக்கம் திறக்காமல் நிறுத்த வேண்டும். மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் அறுத்த முகம் காற்றைக் கசியவிடும் என்பதால், நீர்த்த மரப்பசையைக் குழியின் உட்சுவரில் பூசிக் காயவிட்டு, பிறகு 8 மி.மீ. அளவுக்கு மறுபடியும் சீர்செய்தேன். ஊடுருவுவது துளை, அடியுள்ளது குழி என்னும் வேறுபாடு நம் பேச்சிலேயே இருக்கும்போது அதை வீணாக்குவானேன்? ‘அணைமுளைக் குழி’ நீளமென்றால் ‘முளைக்குழி’ போதும்.

குழியில் மரத்தூள் அடைந்து முளை முழுவதும் இறங்காது என்ற மறுப்பு நியாயமானதுதான். முளையின் ஒரு பக்கத்தை அரத்தால் தட்டையாக்கினால், சிக்கிய காற்று வெளியேற வழி கிடைக்கும். தூளை ஊதித்தான் எடுக்க வேண்டும். பயன்படுத்தாத குழிகளை மூடுவதற்குத் ‘தக்கை’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

முளைக்குழி என்பது விதை ஊன்றும் குழியாகப் படுமே என்று எழுதியிருந்தவருக்கு: ஆட்டைக் கட்டுவதும் முளையில்தான், இடம் பார்த்துப் பொருள் கொள்வதில் யாருக்கும் தடுமாற்றம் வராது. பலகையைப் புரட்டிப் போட்டு மறுபக்கம் வெட்டும்போது, அதன் உடலையே ஊடுருவிச் செல்லும் இரண்டு கம்பிகளுக்கு மட்டும் அணைமுளை பொருந்தாது, அங்கே அணைப்பு இல்லை. அவற்றைப் ‘புரட்டுமுளை’ எனலாமா என்று தச்சுப் பட்டறையில் பழகியவர்கள் சொல்லுங்கள்.