முகப்புல நெட் ஓடுது, மூணாங்கட்டுல "இணைக்கப்பட்டது, இணையம் இல்லை"

பலகாரக்காரி, பள்ளத்தூர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுற பழைய வீடு. ஃபைபர் பெட்டியை முகப்புல மாட்டியிருக்காக. எனக்கு வேலையெல்லாம் பின்னாடி இருக்குற மூணாங்கட்டு அடுப்படியில. தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, மனகோலம்னு கல்யாணத்துக்கும் வெளியூருக்கும் செஞ்சு அனுப்புறேன். ஆர்டர் பூராவும் வாட்ஸ்அப்லதான் வருது. சட்டியில எண்ணெய் காயுறப்ப போனைத் தூக்கிக்கிட்டு முகப்புக்கு ஓடவா முடியும்? செல் சிக்னலும் உள்ள வந்தா ஒரு கோடுதான்.

அக்கா மகன் பெங்களூர்ல தான் வச்சிருந்த பழைய ரவுட்டரைக் கொண்டாந்து குடுத்தான். முகப்புப் பெட்டியில இருந்து வளவுப் பத்தி (நடு முற்றத்துத் தாழ்வாரம்) ஓரமா, உத்திரத்தோட சேத்துக் கட்டி, அடுப்படி வரைக்கும் லான் வயர் இழுத்தாச்சு. வீடு ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்குப் பொது. சுவத்துல ஒரு ஓட்டை போடணும்னாலும் சிங்கப்பூர்ல இருக்குற பங்காளி வரைக்கும் கேக்கணும். அதனால நிலைக்கு மேல இருக்குற சந்துலயே வயரை நுழைச்சு நுழைச்சுக் கொண்டு வந்தோம்.

இப்ப அடுப்படியில வைஃபை முழுசாக் காட்டுது. பாஸ்வேர்டும் ஏத்துக்குது. ஆனா "இணைக்கப்பட்டது, இணையம் இல்லை"ன்னு வந்து நிக்கிது. ரவுட்டர்ல பூமி உருண்டை மாதிரி இருக்குற விளக்கு மட்டும் ஆரஞ்சு, மத்ததெல்லாம் பச்சை. முகப்புக்குப் போனா நெட் நல்லா ஓடுது. பையனுக்குப் போன் போட்டா "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சித்தி"ங்கிறான். பண்ணிப் பாத்தாச்சு. யாராவது சொல்லுங்க, ஐப்பசி முகூர்த்தம் வருது.

கண்டனூர் தம்பி:

ரொம்ப சிம்பிள் அக்கா. ரெண்டு பெட்டிக்கும் பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும். குண்டூசியை விட்டுப் பத்து செகண்ட் அழுத்துங்க. எல்லாம் புதுசா ஆயிடும்.

பழைய லைன்மேன், கோட்டையூர்:

ஆச்சி, முகப்புப் பெட்டியில குண்டூசியைக் கொண்டு போயிராதீக. தம்பி நல்லெண்ணத்துல சொல்றாரு. ஆனா ஃபைபர் பெட்டிக்குள்ள கம்பெனிக்காரன் போட்ட யூசர் நேம், பாஸ்வேர்டு, லைனுக்குன்னு குடுத்த விலான் எண் எல்லாம் இருக்கும். ரீசெட் அடிச்சா பல பெட்டியில அம்புட்டும் அழிஞ்சிரும். அப்புறம் ஓடிக்கிட்டிருக்குற நெட்டும் நின்னுபோயி, ஆள் வர்ற வரைக்கும் வீடே இருட்டு. ரீசெட்ங்கிறது கடைசி மருந்து. அதையும் ரெண்டாவது ரவுட்டருக்கு மட்டும்தான் குடுக்கலாம்.

நான் செம்புக் கம்பிக் காலத்துலயே கம்பத்துல ஏறுனவன். அப்பயும் இப்பயும் ஒரே வழிதான்: கோளாறு எந்தத் துண்டுல இருக்குன்னு முதல்ல பிரிக்கணும். உங்க லைன்ல நாலு துண்டு இருக்கு. தெருவுல இருந்து முகப்பு வரைக்கும் ஃபைபர், முகப்புப் பெட்டி, நீங்க இழுத்த வயர், அடுப்படி ரவுட்டர். முகப்புல நெட் ஓடுறதால முதல் ரெண்டையும் தள்ளிருவோம். மிச்சத்துக்கு இதைப் பாத்துச் சொல்லுங்க.

வயரை அடுப்படி ரவுட்டர்ல இருந்து கழட்டி நேரா ஒரு லேப்டாப்ல குத்துங்க. நெட் வருதா? ரவுட்டருக்குப் பின்னாடி வயர் எந்த ஓட்டையில இருக்கு? தனி நிறத்துல, பெரும்பாலும் நீலமா இருக்குறது வான் போர்ட், வெளிய இருந்து நெட் வாங்குற ஓட்டை. ஒரே நிறத்துல நாலு இருக்குறது லான், வீட்டுக்குள்ள இருக்குற கருவிகளுக்கு. அப்புறம் போன்ல வைஃபை பேரைத் தொட்டா உள்ள விவரம் வரும். அதுல கேட்வே-ன்னு ஒரு எண் இருக்கும், போன் வெளிய போற வழி அது. முகப்புல நின்னு ஒரு தடவை, அடுப்படியில நின்னு ஒரு தடவை அதைக் குறிச்சுக்கிட்டு வாங்க. ஐபி அட்ரஸ், அதாவது போனோட எண், 169.254-ன்னு ஆரம்பிச்சா அதையும் சொல்லுங்க. அப்படி வந்தா பெட்டிக்கிட்ட இருந்து எண்ணே வாங்கலைன்னு அர்த்தம், அது வேற கதை.

பலகாரக்காரி, பள்ளத்தூர்:

அண்ணே, நல்லவேளை குண்டூசி தேடிக்கிட்டிருந்தேன். பில்லு போடுற லேப்டாப்புல வயரைக் குத்துனா நெட் அருமையா வருது. வயர் இருந்தது நீல ஓட்டையில. கேட்வே முகப்புலயும் 192.168.1.1, அடுப்படியிலயும் 192.168.1.1. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, அப்ப சரிதானே?

பழைய லைன்மேன், கோட்டையூர்:

அதுதான் ஆச்சி கோளாறே. ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் குடுத்தா தபால்காரர் என்ன செய்வாரு? அடுப்படி ரவுட்டர் தன்னையும் 192.168.1.1-ன்னு சொல்லுது. வெளிய போற வழியா முகப்புப் பெட்டி சொல்ற எண்ணும் அதேதான். உங்க போன் "வெளிய போகணும்"னு கேட்டா, அந்த எண் நான்தானேன்னு ரவுட்டர் தனக்குள்ளயே சுத்திக்கிட்டு நிக்கும். புது மாடல் பலது இந்த மோதலைத் தானாக் கண்டுபிடிச்சு எண்ணை மாத்திக்கிரும், பழசுக்கு நாமதான் சொல்லணும். வயர் நல்லா இருக்கு, ரவுட்டரும் நல்லாத்தான் இருக்கு.

சரி பண்ண ரெண்டு வழி. சுருக்கு வழி, ரவுட்டரோட எண்ணை 192.168.2.1-ன்னு மாத்துறது. வயர் நீல ஓட்டையிலயே இருக்கலாம், நெட் வந்துரும். ஆனா அடுப்படி தனி வலையாப் பிரிஞ்சிரும். பார்சல்ல ஒட்டுற அட்ரஸ் அடிக்க முகப்புல பிரிண்டர் கிரிண்டர் வச்சிருந்தா, அடுப்படியில இருந்து போன்ல தேடுனா சிக்காது.

உங்களுக்கு ரெண்டாவது வழிதான் நல்லது. ரவுட்டரை வெறும் ஆக்சஸ் பாயிண்டா, அதாவது வைஃபையை மட்டும் பரப்புற பெட்டியா ஆக்கிருங்க. செட்டிங்ல அந்தப் பேர்லயே ஒரு மோட் இருந்தா அதைத் தேர்ந்தெடுத்தாப் போதும், மிச்சத்தை அதுவே பாத்துக்கிரும். இல்லைன்னா கையால செய்யணும். வரிசை முக்கியம். முதல்ல முகப்புல இருந்து வர்ற வயரைக் கழட்டுங்க. போன்ல மொபைல் டேட்டாவை அணைங்க. இதைத்தான் பாதிப் பேரு விட்டுர்றாக. நெட் இல்லாத வைஃபையை விட்டுட்டு போன் டவர் பக்கம் ஓடிரும், செட்டிங் பக்கம் திறக்காது. அடுப்படி வைஃபையைப் பிடிச்சு பிரவுசர்ல 192.168.1.1 அடிங்க. பாஸ்வேர்டு ரவுட்டருக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்கும். அக்கா மகன் மாத்தியிருந்தா அவருக்கிட்டக் கேளுங்க. அவருக்கும் மறந்துபோச்சுன்னா இந்த ரவுட்டருக்கு மட்டும் குண்டூசி போடலாம்.

உள்ள போயி லான் பக்கத்துல எண்ணை 192.168.1.2-ன்னு மாத்திச் சேமிங்க. ரவுட்டர் அணைஞ்சு எரியும். திரும்ப 192.168.1.2-ன்னு அடிச்சு உள்ள போயி, போனுக்கெல்லாம் எண் குடுக்குற டிஹெச்சிபி சர்வரை அணைங்க. முதல்லயே அதை அணைச்சா போனுக்கு எண் குடுக்க ஆள் இல்லாம வெளிய நின்னுருவீக. இப்ப முகப்பு வயரை நீல ஓட்டையில குத்தாம, லான் ஓட்டை நாலுல ஒண்ணுல குத்துங்க. இனிமே எண் குடுக்குற வேலை முகப்புப் பெட்டிக்கு மட்டும்தான்.

ஒண்ணு பாக்கி. முகப்புப் பெட்டி தானே 2-ஆம் எண்ணை வேற யாருக்காவது எடுத்துக் குடுத்துறக் கூடாது. அதோட டிஹெச்சிபி பக்கத்துல ஆரம்ப எண்ணை 10-ன்னு வச்சிருங்க. அந்தப் பக்கத்துல வேற எதையும் தொடாதீக.

செக்காலை நெட்வொர்க், காரைக்குடி:

அண்ணன் சொன்னது சரி. ஆனா ஒரு மெஷ் செட், அதாவது ஒண்ணோட ஒண்ணு பேசி வைஃபையைப் பரப்புற பெட்டிகள் வாங்கிட்டா இந்தத் தொல்லையே இல்லையே? வயர் வேண்டாம், மூணு பெட்டியை மூணு கட்டுல வச்சாப் போதும்.

பழைய லைன்மேன், கோட்டையூர்:

தம்பி, ஃபிளாட்டுக்கு அது சரி. இந்த வீடுகள்ல மெஷ் போட்டுட்டுத் திட்டுனவுகளை நான் நிறையப் பாத்திருக்கேன். ஒன்றரை அடி, ரெண்டு அடிச் செங்கல் சுவரு, மேல சுண்ணாம்புப் பூச்சு. நடுவுல பர்மாத் தேக்கு நிலையும் கதவும். இதெல்லாம் போதாதுன்னு குரங்குக்குப் பயந்து வளவுக்கு மேல இரும்பு வலை, பட்டாலையில ஆளுயரக் கண்ணாடி. வைஃபையோட 5 கிகாஹெர்ட்ஸ் அலை ரெண்டாவது சுவத்துலயே செத்துப்போகும். 2.4 தட்டுத் தடுமாறி ஒரு கட்டு தாண்டும். மெஷ் பெட்டி ஒண்ணோட ஒண்ணு பேசவே வயர் இல்லாம திணறும். மெஷ்ஷே வாங்குனாலும் வயர் குடுத்துத்தான் இணைக்கணும். ஆச்சி ஏற்கெனவே வயர் இழுத்துட்டாக, பெரிய வேலை அதுதான். லான் வயர் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், எந்த நகரத்தார் வீட்டுக்கும் போதும்.

செக்காலை நெட்வொர்க், காரைக்குடி:

ஒத்துக்கிறேன் அண்ணே. அப்ப வயர் பத்தி நான் ரெண்டு வார்த்தை. அக்கா, வயர் மேல சிசிஏ-ன்னு அச்சடிச்சிருந்தா அது அலுமினியத்து மேல செம்பு பூசினது. மலிவு, ஆனா வளைச்சு வளைச்சு நுழைச்சா உள்ள முறியும். முழுச் செம்பு கேட்டு வாங்குங்க. வளவுல வெயிலும் மழையும் படுற இடம் இருந்தா வெளிப்புறத்துக்குன்னு வர்ற கறுப்பு உறை வயர் போடணும். சாதா சாம்பல் வயர் வெயில்ல வெடிச்சிரும். இடி இடிக்கிறப்ப ரெண்டு முனையையும் கழட்டி வைங்க.

பலகாரக்காரி, பள்ளத்தூர்:

அண்ணே, வந்துருச்சு! ஆக்சஸ் பாயிண்ட் மோட்னு பழைய ரவுட்டர்ல இல்லை, கையாலதான் செஞ்சேன். மொபைல் டேட்டாவை அணைக்கச் சொன்னீகளே, அதைச் செஞ்ச பிறகுதான் அந்தப் பக்கமே திறந்துச்சு. அடுப்படியில இருந்தே முகப்புப் பிரிண்டர்ல அட்ரஸ் அடிச்சுப் பாத்தேன், வருது. அப்பத்தாவுக்கு வீடியோ கால்ல பேரன் முகம் தெளிவாத் தெரியுது, அவுகதான் ரொம்ப சந்தோஷம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். முகப்புல ஒரு பேரு, அடுப்படியில ஒரு பேருன்னு மாத்தி மாத்திப் பிடிக்க வேண்டியிருக்கு. கரண்ட் போனா முகப்பு ஓடுது, அடுப்படி நின்னுருது.

பழைய லைன்மேன், கோட்டையூர்:

ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை குடுங்க. போன் எது பக்கமோ அதைப் பிடிச்சுக்கிரும். சில போன் பழசையே கட்டிக்கிட்டு அழும், வைஃபையை ஒரு தடவை அணைச்சு எரிய விட்டாச் சரியாகும். 2.4-ல முகப்புக்கு சேனல் 1, அடுப்படிக்கு 11 வைங்க, ஒண்ணு மேல ஒண்ணு விழாது.

கரண்டு விஷயம், முகப்புப் பிளக் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கும், அடுப்படிப் பிளக் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட மனசில்லைன்னா ரவுட்டருக்குன்னே சின்ன யுபிஎஸ் கிடைக்குது. அடாப்டர்ல எழுதியிருக்குற வோல்ட் அப்படியே பொருந்தணும், பெரும்பாலும் 12 இருக்கும், சிலது 9. ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. எண்ணெய்ப் புகை படுற இடத்துல ரவுட்டரை வைக்காம அடுப்படிக்கு வெளிய பத்தியில உசரமா வைங்க, காத்து போற ஓட்டையில பிசுக்கு ஏறும்.

தேவகோட்டை ரஸ்தா:

இதுலயே கேட்டுக்கிறேன். எங்க வீட்டுல நேத்து மழைக்கு அப்புறம் எல்ஓஎஸ்-னு இருக்குற விளக்கு சிவப்பா மின்னுது. ரவுட்டர் செட்டிங் ஏதாச்சும் மாத்தணுமா?

பழைய லைன்மேன், கோட்டையூர்:

எதையும் மாத்தாதீக. எல்ஓஎஸ் சிவப்புன்னா பெட்டிக்கு வெளிச்சமே வரலைன்னு அர்த்தம். பச்சை முனை ஃபைபர் ஒயர் பெட்டியில சரியா அழுந்தியிருக்கா, எங்கேயாவது மடங்கி நசுங்கியிருக்கான்னு மட்டும் பாருங்க. அது சரியா இருந்தா தெருவுல கிளை விழுந்தோ அணில் கடிச்சோ அறுந்திருக்கும். கம்பெனிக்குப் புகார் குடுக்குறப்ப "நெட் வரலை"ன்னு சொல்லாம "எல்ஓஎஸ் சிவப்பு"ன்னு சொல்லுங்க, ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தை அளக்குற பவர் மீட்டரோட ஆளை அனுப்புவாக. கழட்டுன ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்காதீக, வர்ற ஒளி கண்ணுக்குத் தெரியாது.