மறு: எலக்ட்ரான் குளிர்விப்பு – ‘ஆறல்’ என்று வைத்தால் என்ன?

வணக்கம் ஐயா,

‘electron cooling’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> பொறி குளிர்விக்கிறது, எலக்ட்ரான் குளிர்கிறது. ஆகவே ‘எலக்ட்ரான் குளிர்விப்பு’ போதும்.

எனக்கென்னவோ போதாது என்றுதான் படுகிறது. ஈலியம்-3, ஈலியம்-4 கலவையில் ஓடும் குளிரூட்டி 10 மில்லிகெல்வின் வரை, அதாவது தனிச்சுழிக்கு மேலே ஒரு பாகையின் நூறில் ஒரு பங்கு வரை, இறங்கிவிடும். அதற்குள் வைத்த சில்லின் (chip) இலத்திரன்கள், அதாவது உங்கள் எலக்ட்ரான்கள், பல வேளைகளில் 50, 100 மில்லிகெல்வினிலேயே நின்றுவிடும். குவாண்டம் சோதனை செய்பவருக்குத் தலையிடி அதுதான். பெட்டி குளிர்வதற்கும் இலத்திரன் குளிர்வதற்கும் ஒரே பெயரை வைத்தால் இந்தச் சிக்கலைச் சொல்லவே வழியில்லை.

கிளிநொச்சியில் உயர்தர வகுப்பில் இதைச் சொல்லிப் பார்த்தேன். சித்திரை வெயில், கரண்டும் இல்லை, மில்லிகெல்வின் பற்றிப் பேச நல்ல நாள். குழந்தைக்குக் கஞ்சி ஆற்றுவதை உதாரணம் காட்டினேன். சட்டியைக் கிணற்றுத் தண்ணீருக்குள் வைக்கிறோம். சட்டியின் வெளிப்புறம் தொட்டால் சில்லென்று இருக்கும், அகப்பையால் துழாவினால் உள்ளே ஆவி பறக்கும். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: “அப்ப இலத்திரன் இன்னும் ஆறேல்லை, என்ன சேர்?”

இரண்டு கிழமையாக நான் அகராதியில் தேடிய சொல் அது. தேத்தண்ணி ஆறும். பிரிட்ஜில் வைத்த தண்ணீர் குளிரும், அதை ஆறியது என்று யாரும் சொல்வதில்லை. சூடாக இருப்பது தன் சூட்டைச் சுற்றியிருப்பதற்குக் கொடுத்து அதன் நிலைக்கு வருவதுதான் ஆறுவது. இலத்திரன் செய்ய வேண்டியதும் அதே.

அது ஏன் இலேசில் ஆறுவதில்லை? உலோகத்தில் இலத்திரன்கள் சாலகத்துக்கு (அணுக்களின் ஒழுங்கான அடுக்குக்கு) வெப்பத்தைக் கொடுக்கும் வலு வெப்பநிலையின் ஐந்தாம் அடுக்கோடு போகிறது. 100இலிருந்து 10 மில்லிகெல்வினுக்கு வந்தால் அது இலட்சத்தில் ஒரு பங்காகிவிடும். மேலே அறை வெப்பநிலையிலிருந்து கம்பி வழியே இறங்கும் மின் இரைச்சலோ அப்படியே இருக்கிறது. அதனால் கம்பிகளுக்கு வடிகட்டி போடுகிறார்கள். அப்புறம், வெள்ளித்தூளை அழுத்திச் சூடாக்கி இறுக்கிய கட்டிகளோடு அதே கம்பிகளைப் பொருத்தி, திரவ ஈலியத்துக்குள் அமிழ்த்துவதும் உண்டு. சட்டியை நம்பாமல் அகப்பைக் காம்பு வழியாகவே கஞ்சியின் சூட்டை இழுக்கிற மாதிரி.

ஒரு இடைஞ்சல் இருக்கிறது. ஆற வைப்பதை ‘ஆற்றல்’ என்று எழுத முடியாது. இலங்கையில் நாங்கள் சக்தி (energy) என்பதை நீங்கள் ஆற்றல் என்கிறீர்கள், ‘இலத்திரன் ஆற்றல்’ என்றால் சென்னையில் கதை வேறு. எனவே தானாக நடப்பதற்கு ‘ஆறல்’, நாம் செய்வதற்கு ‘ஆறவைப்பு’. ‘ஆறாத இலத்திரன்’ என்றும் தாராளமாக எழுதலாம். புண் ஆறுவதோடு குழம்புமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். சில்லுக்குப் புண் வராது.

பொறிக்கு (dilution refrigerator) நீங்கள் தந்த ‘நீர்த்தல் குளிரூட்டி’ பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் ‘நீர்த்த அமிலம்’ எங்கள் பாடப்புத்தகத்தில் ‘ஐதான அமிலம்’. அமிலத்தில் நீராவது இருக்கிறது, இந்தப் பொறிக்குள் நீருக்கு வேலையே இல்லை. ஈலியம்-3 செறிந்த அவத்தையிலிருந்து (phase) ஐதான அவத்தைக்குப் போகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். நான் ‘ஐதாக்கல் குளிரூட்டி’ என்பேன். அதில் அடம்பிடிக்க மாட்டேன், ‘ஆறல்’ விஷயத்தில் பிடிப்பேன்.