புதுப்பிப்பு: கரீபியன் தீவு நாடான பார்படோஸின் விமான நிலையத்திலிருந்து தலைநகர் பிரிட்ஜ்டவுனுக்குப் பேருந்தில் போக முடியுமா?

முடியும். டாக்ஸி வேண்டாம் என்றால் என்ன வழி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, "3.50 பார்படோஸ் டாலரைச் சரியான சில்லறையாக வைத்துக்கொள்" என்ற யோசனைதான்.

முனையத்தை விட்டு வெளியே வந்து பிரதான சாலை நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும். பலகையில் 'டு சிட்டி' என்று இருந்தால் தலைநகருக்கு, 'அவுட் ஆஃப் சிட்டி' என்றால் எதிர்த்திசை. வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் நம்மவர்களுக்குக் குழப்பமில்லை.

எங்கே இறங்கினாலும் அந்த 3.50 டாலர்தான் கட்டணம். அரசின் நீலப் பேருந்தில் மீதி தரமாட்டார்கள். ஒரு 2 டாலர் நோட்டு, ஒரு 1 டாலர் நாணயம், இரண்டு 25 சென்ட் என்று எடுத்து வைத்தால் கணக்கு முடிந்தது. மஞ்சள் மினிபஸ்ஸிலும் எண்பலகை 'இசட்ஆர்' என்று தொடங்கும் வெள்ளை வேனிலும் மீதி கிடைக்கும்; நெரிசலும் பாட்டுச் சத்தமும் இலவசம். 1 அமெரிக்க டாலருக்கு 2 பார்படோஸ் டாலர் என்பது நிலையான மதிப்பு. அமெரிக்க நோட்டைக் கடைகளில் வாங்குவார்கள், மீதி மட்டும் உள்ளூர்ப் பணத்தில் வரும்.

எதிர்பாராதது மின்சாரம். அங்கே 115 வோல்ட், தட்டையான முனை பிளக். 100–240 என்று அச்சிட்ட சார்ஜருக்கு அடாப்டர் போதும். 230 வோல்ட் கெட்டில் கால்பங்கு சக்தியில்தான் சூடாகும், கொண்டுபோகாதீர்கள்.

யாரும் சொல்லாமல் விட்டது: ராணுவ உருமறைப்பு (கேமஃபிளாஜ்) வடிவ உடை அங்கே சட்டப்படி தடை, குழந்தைகளுக்கும்தான். கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரம் மஞ்சினீல் என்ற நச்சு மரம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டும் நீரே தோலைப் புண்ணாக்கும்.