பள்ளம் கொட்டாவி விடுமா?

வயல்நண்டு:
கணினி மொழிபெயர்த்த ஒரு கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடையே கொட்டாவி விடும் இடைவெளி' என்று இருந்தது. ஆங்கில மூலத்தில் 'யானிங் கேப்' (yawning gap). 'யான்' என்றால் (நம் 'நான்' அல்ல) கொட்டாவி, சரி. இடைவெளிக்கு எதற்குத் தூக்கம் வருகிறது? 'பெரும் இடைவெளி' என்று மாற்றிவிட்டேன். தப்பா?

சொல்லேர்:
தப்புதான். உருவகத்தையே கொன்றுவிட்டீர்கள். கொட்டாவி விடுகிற பள்ளம் என்றே இருக்கட்டும். புது வழக்கெல்லாம் முதல் நாள் இப்படித்தான் உறுத்தும்.

மணல்மேட்டான்:
அந்தச் சொல்லில் தூக்கமே கிடையாது ஐயா. பழைய ஆங்கிலத்தில் அதன் மூதாதைக்கு வாயை அகலத் திறப்பது என்று பொருள். அதனால்தான் குகை, பிளவு, தோண்டிவைத்த குழி எல்லாம் ஆங்கிலத்தில் 'யான்' செய்கின்றன. கிரேக்கத்து 'கேயாஸ்'கூட ஆதியில் குழப்பம் அல்ல, வாய் பிளந்த வெற்றிடம். 'வாய் பிளந்த' என்று போடுங்கள்.

சொல்லேர்:
நீங்கள் சொல்வது எனக்குத்தான் சாதகம்! தமிழில் 'ஆவித்தல்' என்றாலும் வாய் திறத்தல், கொட்டாவி விடுதல் இரண்டும் உண்டு. அகராதியைப் பாருங்கள். போதாக்குறைக்கு, நம் ஊரில் ஒருவர் வாயைப் பிளந்தார் என்றால் ஒன்று ஆச்சரியம், இல்லையென்றால் சாவு.

மணல்மேட்டான்:
ஆவித்தல் அகராதியில் இருக்கிறது, யார் வாயில் இருக்கிறது? கொட்டாவி என்றதும் எனக்குத் தெரிவது என் பாட்டி. கண் சொருகி, வாய்க்கு நேரே இரண்டு சொடக்கு, கடைசியில் ஒரு 'சிவ சிவா'. பள்ளத்துக்கு யார் சொடக்குப் போடுவது? மலையாளத்தில் 'கோட்டுவாய்' என்கிறார்கள், பெயரிலேயே வாய் இருக்கிறது. அவர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.

கயல்:
நான் சப்டைட்டில் எழுதுகிறவள். அந்தச் சொல் எனக்கு வேறு விதமாகத் தொல்லை கொடுத்தது. 'மேட்ச் ஒரு யான்' என்று ஒருவன் சொல்வான். 'ஆட்டம் ஒரு கொட்டாவி' என்று எழுதினேன், திரும்பி வந்தது. 'மொக்கை' என்றதும் போய்விட்டது. இன்னொரு இடத்தில் ஒருத்தி 'குட் நைட்'டையே 'யான்' செய்வாள். கொட்டாவிதான் படத்தில் தெரிகிறதே என்று 'தூங்கப் போறேன்' என்பதோடு விட்டேன். வயல்நண்டு, ஏழை பணக்காரன் என்றால் 'மலைக்கும் மடுவுக்கும்' இருக்கிறதே?

மணல்மேட்டான்:
அது உயர வித்தியாசம் அம்மா. இங்கே நடுவில் பள்ளம் இருக்கிறது, கால் தவறினால் விழுவோம். அது போய்விடும்.

வயல்நண்டு:
'வாய் பிளந்து கிடக்கும் இடைவெளி' என்று போட்டுவிட்டேன். 'கிடக்கும்' சேர்ந்ததும் சாவும் ஆச்சரியமும் போய், பள்ளம் மட்டும் நிற்கிறது.

சொல்லேர்:
எனக்கு இன்னும் பிணம்தான் கிடக்கிறது.