இஸ்தான்புல்லில் கடைசி நாள்: எதைப் பார்க்க, எதை விட?

வணக்கம் நண்பர்களே. தனியாக இஸ்தான்புல் வந்திருக்கிறேன். நாளை இரவு பதினொன்றரைக்கு ஊர் திரும்ப விமானம். செவ்வாய்க்கிழமை தோப்காப்பி அரண்மனைக்கு விடுமுறை என்பதால் அதை இன்றே முடித்துவிட்டேன். ஹாகியா சோபியா, நீல மசூதி, பூமிக்கடியில் உள்ள பசிலிக்கா நீர்த்தேக்கம் எல்லாம் பார்த்தாயிற்று. நீர்த்தேக்கத்தின் 336 தூண்களில் இரண்டின் அடியில் மெதூசா (கிரேக்கப் புராணத்தில் பாம்புக் கூந்தல் கொண்ட பெண்) தலை இருக்கிறது, ஒன்று தலைகீழாக, மற்றொன்று பக்கவாட்டில். அந்த மூலையை விட்டு நகரவே மனசு வரவில்லை.

நாளைக்கு இரண்டு யோசனை. எமினோனுவில் படகேறி, ஆசியக் கரையில் காதிகோய் சந்தையைச் சுற்றலாம். இருபது நிமிடப் பயணம்தான். கையில் டீயும் எள் தூவிய சிமித் என்ற வளைய ரொட்டியும், அதில் பங்கு கேட்டுக் கூடவே பறந்துவரும் கடற்காகங்களும். இல்லையென்றால் எதிர்னேகாபி பக்கம் காரியே மசூதி. அங்குள்ள பைசாந்தியக் காலத்து மொசைக் ஓவியங்களை 2024இல்தான் மறுபடி பார்வைக்குத் திறந்தார்கள். இரண்டையும் ஓடி ஓடிப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. போய் வந்தவர்கள் எதைச் சொல்வீர்கள்?

அப்புறம், காலையிலேயே அறையைக் காலி செய்யணும். சுல்தான்அகமெத் பக்கம் பெட்டியை நம்பி வைக்க இடம் உண்டா? விமான நிலையத்துக்கு மாலை நெரிசலில் பேருந்து சரிப்படுமா, கைரெத்தெபே போய் எம்11 மெட்ரோ பிடிப்பது நல்லதா? நான் சைவம், பருப்பு சூப் அலுத்துவிட்டது. காதிகோயில் நல்ல கடை தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.